அப்பா காது மிஷினைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்

பெரம்பூர்_மகள் · சனி, இரவு 10:12

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பஸ் கண்டக்டராக 31 வருடம் ஓடியவர். எஞ்சின் முன்னால் இருக்கும் அந்தக் காலத்து வண்டிகள், வாயில் எப்போதும் விசில். ஐந்தாறு வருடமாகவே காது மந்தம். எங்கள் வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். போன மார்ச்சில் நானும் தம்பியும் பணம் போட்டு, ஒரு காதுக்கு மட்டும் 28,000 ரூபாய்க்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். மூன்று வாரம் போட்டார். அப்புறம் கழற்றி, பீரோவில் அம்மாவின் நகை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கேட்டால், "எல்லாம் ஒரே இரைச்சல், தலை வலிக்குது. நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்கிறார்.

போன வாரம் கொளத்தூரில் ஒரு வளைகாப்பு. மண்டபத்தில் அக்கா பையன் வந்து, "தாத்தா, எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?" என்று கேட்டான். "சாப்பிட்டேம்பா, பாயசம் நல்லா இருந்தது" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்து மனசு சரியில்லை.

தம்பி இதைப் பிடிவாதம் என்கிறான். இதைவிட விலை கூடிய மிஷின் வாங்கினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அம்பத்தூர்_ஃபிட்டர் · ஞாயிறு, காலை 6:05

அம்மா, உங்கள் அப்பாவுக்கு இருப்பது பிடிவாதம் இல்லை. அதை முதலில் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

எனக்கு 64. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் 27 வருடம் வேலை. இப்போது இரண்டு காதிலும் மிஷின். நானும் முதல் மிஷினை எட்டு மாதம் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பல வருடமாகக் காதில் விழாமல் போன சத்தமெல்லாம் ஒன்றாக வந்து விழும். ஃபேன், மிக்ஸி, பக்கெட்டில் தண்ணீர் விழுவது, என் செருப்பு தரையில் தேய்வது. அதிலும் யாராவது பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால், காதுக்குள் கடுகு பொரிவது மாதிரி இருக்கும். காது நன்றாக இருப்பவர்களுக்கு இந்தச் சத்தங்களை மூளை தானாகவே ஒதுக்கிவிடுகிறது. எங்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அது திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. இதை மிஷின் விற்றவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது.

இரண்டாவது தடவை நான் செய்தது இதுதான். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம், வீட்டு அறையில், மனைவி மட்டும் எதிரே உட்கார்ந்து பேசுவாள். செய்தித்தாளை அவள் வாசிப்பாள், நான் அதே வரியை விரலால் பின்தொடர்வேன். அடுத்த வாரம் மொட்டை மாடி. அப்புறம் தெருமுனைக் கடை. கல்யாண மண்டபத்தைக் கடைசியாகத்தான் வைத்துக்கொண்டேன். உங்கள் அப்பாவை எடுத்த எடுப்பில் மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் கழற்றத்தான் செய்வார்கள்.

இன்னொன்று. அந்தச் சிரிப்பு. ஷாப்பில் என் சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் "செவிடன் காதுல ஊதின சங்கு" என்பார். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்வார். எனக்கு அது கேட்கும். இன்று வரை அந்தப் பழமொழியை யார் எதற்குச் சொன்னாலும் நெஞ்சில் குத்துகிறது. நீங்கள் சிரித்ததை நினைத்து வருந்துகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் சிரித்தது தப்பு என்று.


ஆடியாலஜிஸ்ட்_வேளச்சேரி · ஞாயிறு, பகல் 1:30

மேடம், நான் செவித்திறனைச் சோதித்து மிஷின் அமைக்கும் ஆடியாலஜிஸ்ட். விலை கூடிய மிஷினைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். சில கேள்விகள்: காது, மூக்கு, தொண்டை மருத்துவர் யாராவது காதுக்குள் பார்த்தாரா? சத்தம் புகாத அறையில் பரிசோதனை செய்தார்களா? எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் என்ற வரைபடத்தைக் கையில் கொடுத்தார்களா? வாங்கிய பிறகு எத்தனை முறை திரும்பப் போய் மிஷினைச் சரிசெய்தீர்கள்?

உங்கள் அப்பா "கேட்குது, ஆனா புரியலை" என்று சொல்வாரா? வயதாலும் இரைச்சலாலும் வரும் குறைவில் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். காரணம் இதுதான். நம் பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது கனத்த ஒலியில் இருக்கிறது. ச, ஸ, த, க, ப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு (அதிர்வெண்ணின் அளவு) மேலே இருக்கின்றன. உள்காதில் முதலில் பழுதாவது அந்த உயர்ந்த அதிர்வெண்களைப் பிடிக்கும் நுண் மயிரிழைச் செல்கள்தான். அவை போனால் திரும்ப முளைப்பதில்லை. ஆக "பால்" என்று நீங்கள் சொன்னால் அவருக்கு "ஆல்" கேட்கிறது. முன்னால் இருப்பது பாலா, காலா, தாளா என்று அவர் ஊகிக்க வேண்டும். நாள் முழுக்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஊகம். சாயங்காலம் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட காதுக்கு எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டிக் கொடுத்தால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பஸ் உறுமலும் ஃபேன் சத்தமும்தான் மேலே ஏறும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு மட்டும் கூட்ட வேண்டும். அதை ஆடியோகிராம் பார்த்து கம்ப்யூட்டரில் அமைப்பார்கள். ஒரே தடவையில் அமையாது. முதல் இரண்டு மாதத்தில் மூன்று நான்கு முறையாவது போக வேண்டியிருக்கும்.


பெரம்பூர்_மகள் · ஞாயிறு, இரவு 9:48

ஃபிட்டர் ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நன்றி.

மேடம், வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன். டாக்டரிடம் போகவே இல்லை. பஸ் போகிற ரோட்டில் ஒரு கடை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோன் மாட்டி இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். வரைபடம் எதுவும் தரவில்லை. திரும்பப் போக வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லை.


கொளத்தூர்_வாசி · திங்கள், காலை 8:20

இவ்வளவு செலவு எதற்கு? ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கே மிஷின் கிடைக்கிறது. என் பாட்டி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றுவார், காது பளிச்சென்று திறக்கும்.


ஆடியாலஜிஸ்ட்_வேளச்சேரி · திங்கள், காலை 11:05

கொளத்தூர் சார், நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் போவது செவிப்பறை வரைதான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். சூடு அதிகமானால் தோல் வெந்துபோகும். பாட்டிக்குத் திறந்தது குறும்பி (காது அழுக்கு) அடைப்பாக இருக்கலாம், அது இளகியிருக்கும். நரம்புக் குறைவுக்கு எண்ணெயால் ஒன்றும் நடக்காது. பட்ஸ், கொண்டை ஊசி, சாவி எதையும் காதுக்குள் விட வேண்டாம், குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

1,500 ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகப் பெரிதாக்கும் கருவி. மேலே நான் சொன்ன கஷ்டம் அப்படியே இருக்கும். உச்ச சத்தத்துக்கு வரம்பு வைக்கவில்லை என்றால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அது கெடுக்கும்.


வலது_காது · திங்கள், இரவு 11:40

திரிக்கு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும் இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு 26, சோழிங்கநல்லூரில் வேலை. போன வருடம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்த மாதிரி இருந்தது. ஏ.சி., சளி என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒன்பது நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். அவர் தட்டினால் ஒலிக்கும் அதிர்வுக் கவை என்ற உலோகக் கருவியைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் நல்ல காதுப் பக்கம் கேட்டது. அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் கேட்குமாம். எனக்கு வந்தது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு. இதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாளிலேயே, அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். முந்துகிறவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம். எனக்குக் கொஞ்சம்தான் திரும்பி வந்தது.

ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் மந்தமானால் அது மாரடைப்பு மாதிரி அவசரம். சளி என்று காத்திருக்காதீர்கள். யாராவது ஒருவருக்கு இது உபயோகமானால் போதும்.

பெரம்பூர் அக்கா, போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் போட்டுக் கொடுங்கள். எதிரில் இருப்பவர் தமிழில் பேசினால் எழுத்தாக ஓடும். ஆஸ்பத்திரி, பேங்க் மாதிரி இடத்தில் கை கொடுக்கும்.


இரு_மொழி_மகன் · செவ்வாய், மாலை 5:15

என் அம்மாவும் அப்பாவும் பிறந்ததிலிருந்தே காது கேளாதவர்கள். சாந்தோமில் வளர்ந்தேன். என் முதல் மொழி சைகை மொழி, தமிழ் இரண்டாவதாகத்தான் வந்தது. இங்கே "இழப்பு", "குறைவு" என்றே பேசுகிறோம். பேச்சோடு வாழ்ந்து பிறகு கேட்காமல் போனவருக்கு அது இழப்புதான், மறுக்கவில்லை. என் பெற்றோருக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை, முழுதாக ஒரு மொழி இருக்கிறது. இந்திய சைகை மொழிக்கென்றே டில்லியில் 2015-ல் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கினார்கள், அகராதியும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவர்களிடமிருந்து எல்லா வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் உண்டு. கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொடுவோம், அல்லது லைட்டை ஒரு தடவை அணைத்துப் போடுவோம். முகம் பார்க்காமல் பேசவே மாட்டோம். ஒருவர் முடிக்கும் வரை இன்னொருவர் தொடங்க மாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டோம், வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. பெரம்பூர் அக்கா வீட்டில் மாற வேண்டியது அப்பா மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


பெரம்பூர்_மகள் · புதன், காலை 7:02

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது கவனித்தேன். நான் சமையலறையிலிருந்தே கேள்வி கேட்கிறேன். தம்பி போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறான். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். இத்தனை வருடம் இது என் கண்ணில் படவே இல்லை.

இந்த வாரம் சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன்.


பெரம்பூர்_மகள் · இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8:30

போய்வந்துவிட்டோம். இரண்டு நாள் அலைச்சல், ஆனால் பொறுமையாகப் பார்த்தார்கள்.

இடது காதில் கெட்டியாகக் குறும்பி. மிஷின் போட்ட அதே காது! சொட்டு மருந்து கொடுத்து இளக்கி எடுத்தார்கள். அப்புறம் சத்தம் புகாத அறையில் பரிசோதனை. வரைபடத்தை எனக்கும் விளக்கினார்கள்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கேட்கும் குறைவு 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 2000-ல் 55, 4000-ல் 70 (எண் கூடக்கூடக் குறைவு அதிகம்). இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மலையிலிருந்து இறங்குகிற கோடு. பழைய மிஷினையே அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி, வேறு ஓர் ஆடியாலஜிஸ்டிடம் கொடுத்து அமைத்தோம். மிஷின் நல்ல மிஷின்தானாம். இலவச மிஷின், மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிக் கேட்டதற்கு இந்த அளவுக்குக் கிடைக்காது என்றார்கள். ஏன் என்று புரியவில்லை.


அம்பத்தூர்_ஃபிட்டர் · ஞாயிறு, காலை 5:50

சந்தோஷம் அம்மா. சான்றிதழ் விஷயம் நானும் அலைந்து தெரிந்துகொண்டது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர், 70 இருந்தால் காது கேளாதவர். உலக சுகாதார நிறுவனமோ, இரண்டில் நன்றாகக் கேட்கும் காதில் இழப்பு 35 டெசிபலைத் தாண்டினாலே மறுவாழ்வு உதவி தேவை என்கிறது. உங்கள் அப்பா மாதிரி, என்னை மாதிரி லட்சக்கணக்கானவர்கள் இந்த 35-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கிறோம். வீட்டில் பேச்சு புரியாது, காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. இந்த இடைவெளி எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறது. நான் ரிட்டயர் ஆன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. வருடம் ஒரு தடவை ஆடியோகிராம் எடுத்துக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். அப்போது பேச்சு நன்றாகவே கேட்கும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் காதடைப்பானைக் கழற்றவே கழற்றாதீர்கள்.


பெரம்பூர்_மகள் · ஞாயிறு, மாலை 4:10

மேடம், இன்னும் ஒரு சந்தேகம். மிஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும் என்று ஒரு கடைக்காரர் பயமுறுத்துகிறார். இன்னொரு காதுக்கும் உடனே வாங்கச் சொல்கிறார்.


ஆடியாலஜிஸ்ட்_வேளச்சேரி · ஞாயிறு, இரவு 7:25

தொடர்பு இருக்கிறது, அதைப் பயமாக விற்கக் கூடாது. மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணிகளில் செவித்திறன் குறைவும் ஒன்று என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் சொல்கிறது. 2023-ல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மிஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதி வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரில், சிந்தனைத் திறன் சரிவது 48 சதவீதம் மெதுவாகியிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், உத்தரவாதம் இல்லை.

அப்பாவுக்கு மிஷின் வேண்டியது மனிதர்களோடு பேச. அது போதுமான காரணம். இரண்டு காதும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் இரண்டிலும் போடுவது நல்லது, சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும், கூட்டத்தில் பேச்சைப் பிரிப்பதும் கொஞ்சம் எளிதாகும். ஆனால் அவசரம் இல்லை. முதல் காது பழகட்டும். வாங்கும்போது சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.


பெரம்பூர்_மகள் · மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9:15

இந்தப் பதிவு அப்பாவுடையது. அவர் சொல்லச் சொல்ல என் மகள் டைப் செய்கிறாள்.

எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பற்றி இவ்வளவு பேர் எழுதியதை என் பெண் வாசித்துக் காட்டினாள். தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் போடுவேன், இப்போது மத்தியானம் வரை போகிறது. ஃபிட்டர் தம்பி சொன்ன பிளாஸ்டிக் கவர் சத்தம் உண்மை.

பஸ்ஸில் எனக்குக் காது தேவைப்படவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. சேத்துப்பட்டா சைதாப்பேட்டையா என்று உதட்டைப் பார்த்தே டிக்கெட் கிழித்துவிடுவேன். எப்போது பழகினேன் என்று எனக்கே தெரியாது. கொரோனா சமயத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். அன்றைக்குத்தான் நான் செவிடானேன். அது வரை ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கத்தாதீர்கள். கத்தினால் முகம் கோபமாகிவிடுகிறது. நான் முகத்தைத்தான் படிக்கிறேன், என் மேல் கோபம் என்றுதான் எனக்குத் தெரியும். கிட்டே வந்து சாதாரணமாகப் பேசினால் போதும். ஒரு தடவை புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

இன்னொன்று, என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறீர்கள். அந்த ஒண்ணுமில்லாததைத்தான் நான் கேட்கிறேன். ஆறு வருடமாக எனக்குச் சாப்பாட்டு வேளையும் ஆஸ்பத்திரி தேதியும் மட்டும்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன சண்டை, எதற்குச் சிரித்தீர்கள், அதை யாரும் சொல்வதில்லை.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆரஞ்சு ஸ்டிக்கர், 13-ம் நம்பர். எனக்கு ஐந்து நாள்தான் வருகிறது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


அம்பத்தூர்_ஃபிட்டர் · சனி, காலை 5:40

அண்ணே, வணக்கம். உங்கள் பதிவை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "ஒண்ணுமில்ல விடுங்க" இனி எங்கள் வீட்டில் கிடையாது என்றாள்.

பேட்டரி: ஸ்டிக்கரை உரித்ததும் மூடிவிடாதீர்கள். அது காற்றை இழுத்து வேலை செய்கிற பேட்டரி, ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஒரு தடவை உரித்துவிட்டால் திரும்ப ஒட்டினாலும் நிற்காது. ராத்திரி கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்தே வையுங்கள். நம் ஊர் புழுக்கத்துக்கு வியர்வை உள்ளே இறங்கும், அதனால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது நல்லது. அந்த டப்பா மிஷின் கடைகளிலேயே கிடைக்கும். பீரோவில் வேண்டாம், தலைமாட்டில் வையுங்கள், காலையில் எழுந்ததும் கை அதைத் தேட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐந்து நாள்தான் வந்தால் பேட்டரி பழைய சரக்காக இருக்கும், அட்டையின் பின்னால் தேதி பாருங்கள். அப்புறம், குளிக்கப் போகும் முன் ஒரு தடவை காதைத் தொட்டுப் பாருங்கள் அண்ணே. பழகிவிட்டால் மிஷின் காதில் இருப்பதே மறந்துபோகும்.